பொத்தானை அழுத்தியது இன்னொருவர் என்றால் அது தன்னுருவப் படமா?

உப்புக்காற்று | சனி, இரவு 9:12

ஒரு வாரமாக ஒரே ஒரு படம் என்னை விடமாட்டேன் என்கிறது. 1928 வாக்கில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். சுவரில் ஒரு கண்ணாடி. அதன் பக்கத்தில், ஒட்ட வெட்டிய முடியோடு ஒருவர். கட்டம் போட்ட கோட்டு. காலரைக் கழுத்தோடு சேர்த்து ஒரு கையால் பிடித்திருக்கிறார். கண்ணாடிப் பக்கம் போனால் யாராக இருந்தாலும் ஒரு தரம் அதைப் பார்ப்போம். இவர் பார்க்கவில்லை. திரும்பி நம்மைப் பார்க்கிறார். கண்ணாடிக்குள் இருக்கும் முகமோ வேறு எங்கோ பார்க்கிறது, திறந்த கழுத்தோடு, வேறொரு ஆள் மாதிரி.

படத்தில் இருப்பவர் க்ளோத் கஹூன். 1894-இல் பிரான்சின் நான்த் நகரில் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் லூசி ஷ்வோப். இருபது வயதைக் கடந்த பிறகு அந்தப் பெயரை விட்டுவிட்டு, ஆணுக்கும் பெண்ணுக்கும் பிரெஞ்சில் பொதுவாக வைக்கும் 'க்ளோத்' என்ற பெயரை எடுத்துக்கொண்டார். தலையை மழித்துக்கொண்டு ஒரு படம், ஆண்களின் கோட்டு சூட்டில் ஒரு படம், பொம்மை மாதிரி ஒப்பனையோடு ஒரு படம் என்று வாழ்நாள் முழுக்கத் தன்னையே எடுத்தார். எனக்கு மிகவும் பிடித்தது 1927-இல் எடுத்த பளு தூக்குபவர் வேடம். கையில் பளு, கன்னத்தில் வரைந்த இதயம், உதட்டில் சாயம், மார்பில் ஆங்கிலத்தில் 'நான் பயிற்சியில் இருக்கிறேன், முத்தமிடாதே' என்று எழுத்து.

இப்போது என் கேள்வி. இவற்றில் பல படங்களில் கேமராவுக்குப் பின்னால் நின்றவர் மார்செல் மூர் என்கிறார்கள். கஹூனின் வாழ்நாள் துணை. அப்படியென்றால் இவற்றைத் தன்னுருவப் படம் என்று சொல்லலாமா?

---

இருட்டறை | சனி, இரவு 10:05

தாராளமாகச் சொல்லலாம். முப்பத்தோரு வருடம் கும்பகோணத்தில் ஸ்டூடியோ நடத்தியவன் நான். பொத்தானை அழுத்துவது பையன் வேலை. விளக்கை எங்கே வைப்பது, திரையில் எது, தோளை எவ்வளவு திருப்புவது, இதையெல்லாம் முடிவு செய்பவர் யாரோ அவர் படம் அது. ஆள் உட்கார்ந்து, முகத்தையும் உடுப்பையும் பார்வையையும் தானே முடிவு செய்தால், விரல் யாருடையது என்பது பெரிய விஷயமே இல்லை.

ஒன்று சொல்கிறேன். 120 என்ற ஃபிலிம் ரோலில் பன்னிரண்டு பிரேம். கல்யாண வீட்டுக்காரர் அவசரப்படுத்தினால் ரோல் முடியாமலே கழுவியாக வேண்டும். மிச்சம் இரண்டு மூன்று பிரேம் நிற்கும். அதில் நாங்களே நின்று எடுத்துக்கொள்வோம். சாமுவேல் ஃபோஸோ பற்றிப் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. கேமரூனில் பிறந்தவர், 1975-இல் பதின்மூன்று வயதில் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் பாங்கி நகரில் சொந்தமாக ஸ்டூடியோ போட்டவர். அவரும் இதே மிச்ச பிரேம்களில்தான் தன்னை எடுத்தார், நைஜீரியாவில் இருக்கும் பாட்டிக்கு அனுப்ப. உயர்ந்த குதிகால் செருப்பு, இறுக்கமான கால்சட்டை, வெள்ளைக் கையுறை. அந்த ஊரில் வெளியே போட்டுக்கொண்டு போக முடியாத உடுப்பு, நாலு சுவருக்குள் போட முடிந்தது. மறுநாள் காலை அதே இடத்தில் பாஸ்போர்ட் படத்துக்கு ஆள் வந்து உட்காரும்.

---

நெடுஞ்சாலை | சனி, இரவு 11:20

இருட்டறை அண்ணன் சொல்வதை மதிக்கிறேன், ஆனால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. மூர் ஸ்டூடியோப் பையன் இல்லை.

சுசான் மலெர்ப் என்பது மூரின் இயற்பெயர். கஹூனைவிட இரண்டு வயது மூத்தவர், தேர்ந்த ஓவியர். பதின்வயதில் சந்தித்துச் சாகும்வரை சேர்ந்து வாழ்ந்தார்கள். 1917-இல் கஹூனின் அப்பாவும் மூரின் அம்மாவும் திருமணம் செய்துகொண்டார்கள். அதனால் ஊர் உலகத்துக்கு இவர்கள் 'சகோதரிகள்'. அந்த ஒரு சொல்லின் மறைவில் ஒரு முழு வாழ்க்கை நடந்தது. சில படங்களில் தரையில் எடுப்பவரின் நிழல் விழுந்திருக்கும், வேண்டுமென்றே விட்டுவைத்த மாதிரி. நீங்கள் சொன்ன கண்ணாடிப் படத்துக்கும் ஒரு ஜோடி உண்டு. அதே கண்ணாடி, அதே இடம், ஆனால் நிற்பவர் மூர். அப்போது கேமராவைப் பிடித்தது யார்?

இத்தனைக்கும் பிறகு 'தன்னுருவம்' என்று மட்டும் சொன்னால் ஒரு ஆள் காணாமல் போகிறார். இப்படிப்பட்ட உறவுகளில் இரண்டாவது ஆள் காணாமல் போவது நமக்குப் புதிதில்லை. 'கூடத் தங்கியிருந்த தோழி' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். அதையே நாமும் செய்ய வேண்டாம் என்பதுதான் என் கவலை.

---

பழையநூலகர் | ஞாயிறு, காலை 7:40

ஒரு எச்சரிக்கை. இன்றைய சொற்களை நூறு வருடம் பின்னால் கொண்டுபோய் ஒட்டுவதில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. கஹூன் நாடக மேடையில் நடித்தவர். 1929-இல் பாரிசில் பியேர் அல்பேர்-பிரோவின் சிறு நாடகக் குழுவில் வேடமேற்றார். நாம் இன்று பார்க்கும் சில படங்கள் அந்த வேடங்களோடு எடுத்தவை. பிற்பாடு, கனவையும் ஆழ்மனத்தையும் கலையாக்கிய சர்ரியலிஸ்டுகளோடு நெருங்கிப் பழகினார். முகமூடி, பொம்மை, இரட்டைத் தலை எல்லாம் அந்தக் கலைக் கூட்டத்தின் பொதுச்சொத்து. ஒவ்வொரு வேடத்தையும் 'இதுதான் அவருடைய பால் அடையாளம்' என்று படிப்பது அவருடைய கலையைச் சுருக்கிவிடும்.

---

உப்புக்காற்று | ஞாயிறு, காலை 8:55

ஐயா, நாடகம் பற்றிச் சொன்னது சரி. ஆனால் பால் பற்றி நாம் புதிதாக எதையும் ஒட்டவில்லை, அவரே எழுதியிருக்கிறார். 1930-இல் வந்த அவருடைய புத்தகத்தின் தலைப்பைத் தமிழில் 'செல்லாத வாக்குமூலங்கள்' என்று சொல்லலாம். மூரோடு சேர்ந்து செய்த ஒட்டுப்படங்கள் உள்ளே உண்டு. அதில் ஓர் இடம்: ஆணா, பெண்ணா, அது சந்தர்ப்பத்தைப் பொறுத்தது, எனக்கு எப்போதும் பொருந்துவது நடுப்பால் ஒன்றுதான் என்கிறார்.

இதைத் தமிழில் எழுதிப் பார்த்தபோதுதான் சிக்கல் புரிந்தது. பிரெஞ்சில் 'நடுப்பால்' என்றால் இலக்கணத்தில் ஒரு காலியிடம். தமிழில் அந்த இடம் காலியாக இல்லை, அங்கே அஃறிணை உட்கார்ந்திருக்கிறது. ஆணுமில்லை பெண்ணுமில்லை என்றதும் ஒரு மனுஷரை மேசை நாற்காலியோடு சேர்த்துவிடும் மொழி. அதே மொழியில்தான் 'அவர்' என்ற சொல்லும் இருக்கிறது. இந்த இழையில் இதுவரை எல்லோரும் கஹூனை 'அவர்' என்றே எழுதியிருக்கிறோம், யாரும் யோசிக்கக்கூட இல்லை. ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் இந்த ஒரு சொல்லுக்கு எவ்வளவு மல்லுக்கட்டுகிறார்கள்!

---

ஒற்றெழுத்து | ஞாயிறு, காலை 10:30

தமிழாசிரியர் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். நன்னூலில் பவணந்தி முனிவர் இதைத் தொட்டிருக்கிறார். பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புபவரை ஆண்பாலாகச் சொல், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புபவரைப் பெண்பாலாகச் சொல் என்கிறது அந்த நூற்பா. 'அவாவுவ' என்பது அவர் போட்ட சொல். ஒருவர் எதை அவாவுகிறாரோ அதன்படி வினைமுற்றைப் போடு என்கிறார். அடுத்த அடியிலேயே அஃறிணை போலவும் வரும் என்று விட்டுவிடுகிறார், அது எனக்கு உறுத்தல்தான். ஆனாலும் வகுப்பில் இதை நடத்தும்போது முதல் இரண்டு அடிகளில் நின்று நிதானமாகப் பேசுவேன். நாற்பது பிள்ளைகளில் யாரோ ஒருவருக்கு அது தேவைப்படும்.

---

டர்பன்வாசி | ஞாயிறு, பிற்பகல் 2:15

வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கிறேன். இங்கே இருந்துகொண்டு ஸனேலே முஹோலி பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது.

1972-இல் உம்லாஸியில் பிறந்தவர். டர்பனுக்கு வெளியே கறுப்பின மக்களுக்கென்று நிறவெறி அரசு ஒதுக்கிய குடியிருப்பு அது. நம் ஆட்கள் நிறையப் பேர் இருக்கும் சாட்ஸ்வொர்த், அதே அரசு இந்தியர்களைக் கொண்டுபோய்த் தள்ளிய இடம், அதற்குப் பக்கத்தில்தான். முஹோலி தன்னைக் கலைஞர் என்பதைவிடக் காட்சிச் செயற்பாட்டாளர் என்றே சொல்லிக்கொள்வார். 2006-இலிருந்து கறுப்பின லெஸ்பியன் பெண்களையும் திருநம்பிகளையும் ஒவ்வொருவராகப் படமெடுத்து வந்தார். தென்னாப்பிரிக்க அரசியல் சட்டம் பாலீர்ப்பின் அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று சொல்லும் சட்டம். ஒரே பால் திருமணத்துக்கும் 2006-இலேயே அனுமதி உண்டு. ஆனால் தெருவில் அடியும் கொலையும் நிற்கவில்லை. 2012-இல் அவருடைய வீட்டில் திருட்டு. ஹார்ட் டிஸ்குகள் போயின, பல வருட உழைப்பு அதில். வீட்டில் வேறு பெரிதாக எதையும் தொடவில்லை.

அந்தக் காலகட்டத்தில்தான் கேமராவைத் தன் பக்கம் திருப்பினார். 'சோம்னியாமா ன்கோன்யாமா', ஜூலு மொழியில் கரிய பெண்சிங்கத்துக்கு வாழ்த்து. தலையில் துணி மாட்டும் கிளிப்புகளைக் கிரீடமாகக் குத்திக்கொண்ட ஒரு படம் உண்டு. அதன் பெயர் 'பெஸ்டர்'. பெஸ்டர் அவருடைய அம்மா, வெள்ளைக்காரர் வீட்டில் பல்லாண்டு வேலை பார்த்தவர். பாத்திரம் தேய்க்கும் நாரைத் தலைப்பாகையாக வைத்த படமும் உண்டு.

நம் ஊர் ஸ்டூடியோவில் என் கல்யாணப் படத்தில் என்னை எவ்வளவு வெளுத்துவைத்தார்கள் தெரியுமா? முஹோலி நேர்மாறு. படத்தைப் பதப்படுத்தும்போது தன் தோலை இன்னும் கறுப்பாக்குகிறார். கண்ணின் வெள்ளை மட்டும் நம்மைப் பிடித்து நிறுத்தும். பெரிய அளவில் சுவரில் பார்த்தபோது நான்தான் முதலில் பார்வையைத் தாழ்த்தினேன்.

---

மழைக்கண் | ஞாயிறு, இரவு 8:48

இந்தக் களத்தில் இரண்டு வருடமாக வாசிக்கிறேன், எழுதியதில்லை. இன்று எழுதலாம் என்று தோன்றியது.

நான் திருநம்பி. வீட்டில் இன்னும் தெரியாது. கல்லூரி விடுதியில் இருந்தபோது, எல்லோரும் ஊருக்குப் போன ஒரு பொங்கல் லீவில், அண்ணனுடைய நீல நிறக் கோடுபோட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு குளியலறைக்குள் போனேன். வாளியைக் கவிழ்த்து, அதன்மேல் போனைச் சோப்பு டப்பாவில் சாய்த்து, பத்து நொடி டைமர். முதல் நாலு படத்தில் தலை இல்லை. ஐந்தாவதில் இருந்தேன். அந்தப் படத்தை 'தேர்வுக் கட்டண ரசீது' என்ற பெயரில் இன்னும் வைத்திருக்கிறேன்.

ஏன் அது எனக்கு முக்கியம் என்றால், அதற்கு ஒரு மாதம் முன்பு கல்லூரி அடையாள அட்டைக்கு ஒரு ஸ்டூடியோவில் படம் எடுத்தேன். 'கொஞ்சம் சிரிம்மா' என்றார். சரி என்று சிரித்தேன். படம் கையில் வந்தபோது நெற்றியில் ஒரு சிவப்புப் பொட்டு. நான் பொட்டு வைத்துக்கொண்டு போகவில்லை. வெறும் நெற்றியாக இருக்கிறதே என்று கம்ப்யூட்டரிலேயே வைத்துவிட்டாராம். நல்ல மனதோடு செய்ததுதான். மூன்று வருடம் அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தேன்.

பழையநூலகர் ஐயா வேடம் என்றார்கள். எனக்கு அடையாள அட்டைப் படம்தான் வேடம்.

---

பழையநூலகர் | ஞாயிறு, இரவு 9:30

நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். வேடம் என்ற சொல்லை ஒரு பக்கமாக மட்டும் பயன்படுத்திவிட்டேன். மேடையில் போடுவது மட்டும்தான் வேடம் என்று நினைத்த தப்பு என்னுடையது.

---

நெடுஞ்சாலை | திங்கள், காலை 6:50

மழைக்கண், எழுதியதற்கு நன்றி. 'ரசீது' என்று பெயர் வைத்தது எனக்கு இன்னொன்றை நினைவுபடுத்தியது.

நார்வேயில் ஹோர்ட்டன் என்று ஒரு கடற்படை ஊர். 1895-இல் மாரி ஹேக், பொலெட்டே பெர்க் என்ற இருவர் அங்கே ஸ்டூடியோ திறந்தார்கள். ஊர் மக்களுக்குக் குடும்பப் படம், அட்டையில் அச்சிட்ட சிறு படம் எடுத்துக் கொடுப்பார்கள். பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு ஹேக் கூட்டம் சேர்த்ததும் அந்த ஊரில்தான். சேர்ந்தே வாழ்ந்தார்கள், கடைசிவரை. இருவரும் போய்ப் பல காலம் கழித்து, 1980-களில் ஒரு களஞ்சியத்தில் நூற்றுக்கணக்கான கண்ணாடி நெகட்டிவ்கள் கிடைத்தன. அதில் ஒரு பெட்டிமேல் 'தனிப்பட்டது' என்று எழுதியிருந்தது. உள்ளே, மீசை வைத்த ஹேக், ஆண் உடுப்பில் ஹேக், துருவப் பயணி மாதிரி உரோம உடையில் ஹேக். கடைத்தெருவைப் பார்த்த ஸ்டூடியோவில், அதே திரைக்கு முன்னால் எடுத்தவை.

எனக்கு இதில் ஒரு தவிப்பு உண்டு. தனிப்பட்டது என்று எழுதி மூடிய பெட்டியை நாம் திறந்து உலகத்துக்கே காட்டுகிறோம். கஹூனும் அப்படித்தான். உயிரோடு இருந்தபோது தனிப் படமாக அச்சில் வந்தது ஒன்றே ஒன்று, 1930-இல் ஒரு பாரிஸ் இதழில். மற்றதெல்லாம் வீட்டுக்குள். பல படங்கள் உள்ளங்கை அளவு. 1972-இல் மூர் இறந்த பிறகு வீட்டுச் சாமான் ஏலத்துக்குப் போனபோதுதான் இவை வெளியே வந்தன. யாரைக் கேட்டுக் காட்டுகிறோம்?

---

உப்புக்காற்று | திங்கள், காலை 9:15

ஹேக், பெர்க் பெட்டியைப் பற்றி எனக்கும் பதில் இல்லை. அவர்கள் எழுதி வைத்த சொல் அப்படியே நிற்கிறது.

கஹூன் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி தோன்றுகிறது. காரணம் பிரான்சுக்குப் பக்கத்தில் இருக்கும் ஜெர்சி தீவு.

1937-இல் இருவரும் பாரிசை விட்டு அங்கே கடற்கரை வீடு ஒன்றுக்குக் குடிபோனார்கள். 1940 ஜூலையில் ஜெர்மன் படை தீவைப் பிடித்தது. கஹூனின் அப்பா வழி யூதக் குடும்பம். ஊருக்கு இவர்கள் இரண்டு நடுத்தர வயது சகோதரிகள், அவ்வளவுதான். அந்தச் சகோதரிகள் நாலு வருடம் மெல்லிய தாளில் துண்டுச்சீட்டு அடித்து, ஜெர்மன் சிப்பாய்களின் கோட்டுப் பைகளிலும் சிகரெட் பெட்டிகளிலும் வண்டிகளுக்குள்ளும் வைத்துவிட்டு வந்தார்கள். மூருக்கு ஜெர்மன் தெரியும். எழுத்து ஒரு ஜெர்மன் சிப்பாய் தன் தோழர்களிடம் பேசுவது மாதிரி இருக்கும். கீழே கையெழுத்து, 'பெயரில்லாத சிப்பாய்'. பெயரையும் பாலையும் கழற்றிப் போட்டு வேறொருவராக நின்று பார்ப்பது இருபது வருடமாகக் கேமரா முன் பழகிய வேலை அல்லவா. ஒரு பெரிய கூட்டமே இதன் பின்னால் இருக்கிறது என்றுதான் படையினர் தேடினார்கள்.

1944 ஜூலையில் பிடித்தார்கள். நவம்பரில் மரண தண்டனை. அது நிறைவேறவில்லை. போர் முடிந்து 1945 மே 8 அன்று வெளியே வந்தபோது கஹூனுக்கு வயது ஐம்பது. வீட்டைச் சூறையாடியிருந்தார்கள், படங்களில் ஒரு பகுதி அழிந்துவிட்டது. அந்த மாதமே ஒரு படம். தலையில் துணி கட்டி, மேல்கோட்டு போட்ட வயதான பெண் மாதிரி வாசலில் நிற்கிறார். கிட்டப் போய்ப் பார்த்தால், பற்களுக்கு நடுவே நாஜிகளின் கழுகுச் சின்னம்.

அந்தப் படம் பெட்டிக்குள் கிடப்பதற்காக எடுத்தது என்று என்னால் நம்ப முடியவில்லை, நெடுஞ்சாலை. அப்புறம், நீங்கள் கேட்டது சரி. அதை எடுத்தவர் யார் என்று யோசித்தால், கூடச் சிறையில் கிடந்து, கூடவே வெளியே வந்தவர்தானே பக்கத்தில் இருந்திருப்பார். இனி இருவர் பெயரையும் சேர்த்தே எழுதுவேன். பாரிசில் 2018-இல் ஒரு தெருவுக்குப் பெயர் வைத்தபோதும் இருவர் பெயரையும்தான் வைத்தார்கள்.

---

இருட்டறை | திங்கள், இரவு 10:40

மழைக்கண் தம்பிக்கு.

நேற்றிரவு தூக்கம் வரவில்லை. நானும் அப்படிப் பொட்டு வைத்திருக்கிறேன். கணக்கே இல்லை. நெகட்டிவ் காலத்தில் பென்சிலால் முகப்பருவை எடுப்போம், புருவத்தைச் சேர்ப்போம். கம்ப்யூட்டர் வந்த பிறகு நினைத்ததெல்லாம் செய்தோம். பொட்டு, பூ, ஒல்லியான தாடை. மீசை முளைக்காத பையனுக்கு மீசையை அழுத்திவிட்டதும் உண்டு. கேட்டுச் செய்ததில்லை. அழகாக்கிக் கொடுக்கிறோம் என்றுதான் நினைத்தேன். எத்தனை பேர் கழுத்தில் நான் செய்த முகம் தொங்கியதோ. மன்னித்துக்கொள் தம்பி.

கைத்தொழில்காரன், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். குளியலறை டியூப்லைட் தலைக்கு மேலிருந்து விழும், கண்ணுக்குக் கீழே குழி விழுந்த மாதிரி காட்டும். ஜன்னல் ஓரம் போ. காலை எட்டு மணிக்குள் அல்லது சாயங்காலம் நாலரைக்கு மேல். ஜன்னலுக்கு முதுகு காட்டாதே, தோளைக் காட்டு. எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளை வேட்டியைத் தொங்கவிடு, நிழல் மென்மையாகும். போனைக் கண் உயரத்தில் வை. பத்து நொடி டைமரில் ஓடிவந்து நிற்கும்போது மூச்சு வாங்கும், அது தோளில் தெரியும். முடிந்தால் நம்பிக்கையான ஒருவரை அழுத்தச் சொல். விரல் யாருடையது என்பது பெரிதில்லை என்று முதல் நாள் எழுதினேன். அதை மாற்றிக்கொள்கிறேன். யாருக்கு முன்னால் நிற்கிறோம் என்பது தோளில் தெரியும்.

---

மழைக்கண் | அடுத்த ஞாயிறு, மாலை 6:20

ஐயா, 'தம்பி' என்று எழுதியிருந்தீர்கள். அதைத் திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொண்டேன், அந்த ரசீது கோப்புக்குள்தான்.

இன்று நாலரை மணிக்கு அறைத்தோழன் வீட்டு மாடியில் எடுத்தோம். அவனுக்கு எல்லாம் தெரியும். வேட்டி கிடைக்கவில்லை, வெள்ளைப் போர்வை கட்டினோம். அதே நீலச் சட்டை, இப்போது தோளில் சரியாக நிற்கிறது. நாற்பது படம் எடுத்திருப்பான். எனக்குப் பிடித்தது ஒன்றில் அவன் நிழல் என் கால்வரை நீண்டு விழுந்திருக்கிறது. நல்ல படம் வீணாகிவிட்டது, வெட்டிவிடு என்றான். வெட்டவில்லை.

படத்தை இங்கே போடவில்லை. பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன், அஞ்சலட்டை அளவில். பின்னால் தேதியும் எங்கள் இருவர் பெயரும்.